மிதிவண்டிப் பாதையில் காணாமற்போன தோட்டங்கள்

மிதிவண்டிச் சுற்றுலா வடசிலாங்கூருக்கு வந்துவிட்டது. சனி, ஞாயிறு விடியற்காலையில் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையோரம் நின்று பார்த்தால் தெரியும். தலைக்கவசமும் இறுக்கமான வண்ணச் சட்டையும் அணிந்து கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை புசார் எனக் கடந்து, எங்கள் சுங்கை ஆயர் தாவாரையும் தாண்டி, பெர்ணம் ஆறு வரை போகிறவர்களும் உண்டு. பெருஞ்சாலையை விட்டு ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஓட்டுவதே இவர்களுக்கு விருப்பம். காற்று நல்லது, உடலுக்கும் நல்லது, வழியில் இளநீர் விற்கும் அம்மாவுக்கும் நாலு வெள்ளி கிடைக்கிறது. இதை யார் குறை சொல்வார்? நானும் மிதிவண்டி ஓட்டுவதுண்டு.

என் சினம் வேறு. வருகிறவர்களுக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? கம்போங் குவாந்தானில் மின்மினி. செக்கிஞ்சானில் நெல்வயல். புக்கிட் மெலாவத்தியில் பீரங்கியும் 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமும். அப்புறம் கடலுணவு. அவ்வளவுதான்! கோட்டையின் கதை முடிந்ததும் நேரே மின்மினிக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் ஒரு நூறாண்டு இருந்ததே, அது எங்கே போயிற்று? நான் ஓட்டிச் சென்ற வழிகளில் நான் கண்டவரை ஒரு பலகையிலும் ஒரு தோட்டத்தின் பெயர் இல்லை.

“இயற்கையைப் பார்க்கத்தானே வருகிறார்கள், அவர்களிடம் எதற்கு வரலாறு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இயற்கையா? சிலாங்கூர் ஆற்றோரம் நீங்கள் காணும் நிலத்தில் பெரும்பகுதி மனிதன் வெட்டிப் புரட்டிப் போட்ட நிலம். ஆற்றுக்குத் தெற்கே பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டினார்கள். 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்சுந்தையில் ஈயம் வாரினார்கள். இன்று அங்கே நீலமாய்க் கிடக்கும் குளங்களைச் சுற்றுலாக்காரர்கள் ஏரி என்று எண்ணிப் படம் எடுக்கிறார்கள். அவை ஈயக் குழிகள். 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. மற்ற நிலமெல்லாம் முதலில் இரப்பர், பின்னர் செம்பனை.

இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? இதே பெஸ்தாரி ஜெயாவில்தான். 1917இல் என்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். பின்னாளில் ‘மலேசி’ என்ற நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர் அவர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! ஆம், நம் தென்னை மரம்தான். நாட்டுக்குக் கோடி கோடியாய் வருமானம் தந்த ஒரு பயிரின் முதல் தோட்டத்திற்குத் தமிழ்ச் சொல் பெயராய் நிற்கிறது. அந்த வழியே மிதிவண்டியில் போகும் நம் பிள்ளைகளுக்காவது இது தெரியுமா? 

மிதிவண்டியைப் பற்றிப் பேச்செடுத்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்றார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது. கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். அவற்றோடு இதுவும் இருக்கிறது: வெள்ளைத் துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை!

ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். பாடுபட்டுச் சேர்த்த காசில் வாங்கிய மிதிவண்டி. துரையின் தலை தெரிந்தால் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, அவர் போகும் வரை நிற்க வேண்டும். அதை இனிச் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விளைவு என்ன? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அந்த மே மாதம் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும் மிதிவண்டியில் இன்று இதே மாநிலத்தின் தோட்டச் சாலைகளில் யாருக்காகவும் இறங்காமல் போகிறோமே, அந்த உரிமையைக் கேட்டு அடிபட்டவர்களுக்கு வழியில் ஒரு பலகை கூடவா கிடையாது?

பலகைக்கென்ன அவசரம் என்பார்கள். எங்கள் பள்ளியின் பெயரிலும் தோட்டம் என்ற சொல் உண்டு. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “ஐயா, நம்ம பள்ளியில பூவே இல்லையே, அப்புறம் ஏன் தோட்டப் பள்ளின்னு சொல்றாங்க?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகையில் லயம், பெரட்டு, ஆயாக்கொட்டகை, தண்டல், கங்காணி என எழுதிப் பொருள் கேட்டேன். முப்பது பேரில் இருவர் கைதூக்கினர். இருவரும் பாட்டியோடு வளரும் பிள்ளைகள். அவசரம் இதுதான். இன்னும் பத்தாண்டு போனால் அந்தப் பாட்டிமாரும் இருக்கமாட்டார்கள்.

பிற நாட்டில் இப்படியா நடக்கிறது? செர்மனியின் ரூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலக்கரி ஓய்ந்தது, எஃகுத் தொழில் சுருங்கியது. கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018இல் மூடப்பட்டது. ரூர் ஆற்றின் ஓரமாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டிப் பாதை இருக்கிறது. மூடிய சுரங்கங்களையும் ஆலைகளையும் இணைக்கும் தடங்களும் உண்டு. எசன் நகரத்துச் சோல்வெரைன் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது; 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. டூய்ஸ்பர்க்கில் அணைந்துபோன இரும்பு உலையையே பூங்காவாக்கிவிட்டார்கள். உழைத்தவனின் இடம் அங்கே மறைக்க வேண்டிய அழுக்கு அன்று.

“அது பணக்கார நாடு, அவர்களால் முடியும்” என்று உடனே பதில் வரும். பாதி உண்மை. அங்கே அரசு பெரும்பணம் கொட்டியது. இங்கே நிலம் கம்பெனிகளின் கையில். அங்கே இரும்புக் கோபுரம். நம்முடையதோ பலகை லயம், மழையிலும் கரையானிலும் போய்விடும். ஆனால் மறுபாதியையும் பாருங்கள். ஓபர்ஹௌசன் நகரில் ஐசன்ஹைம் என்றொரு தொழிலாளர் குடியிருப்பு. 1846இல் தொடங்கியது, நம் லயத்தைப் போலக் கம்பெனி கட்டிக்கொடுத்தது. 1970களில் அதை இடித்துத் தள்ள முடிவு செய்தார்கள். தடுத்தது அரசு அன்று, அறிஞர் குழு மட்டுமும் அன்று. அங்கே குடியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் கூடிப் போராடின. வீடுகள் தப்பின. இன்று மிதிவண்டியில் வருகிறவர்கள் அங்கே இறங்கி நின்று பார்க்கிறார்கள்.

நம்மவர்க்கு இந்த மனம் இருக்கிறதா? எனக்கு மிகவும் கசப்பது இதுதான். “தோட்டம் என்றாலே அவமானம், அந்தச் சொல்லைப் பள்ளியின் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள், பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள்” என்று நம் ஆட்களே கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்கள். யாருக்கு அவமானம்? விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, பிள்ளையைப் படிக்கவைத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை அனுப்பிய தாய்க்கா? அவமானம் கொள்ள வேண்டியவர்கள் வேறு. சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்ட்னர் போன்ற தோட்டங்களின் மக்களைச் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வைத்தவர்கள் அவமானம் கொள்ளட்டும்!

நான் ரூரைப் போல உலைகளைப் பூங்காவாக்கச் சொல்லவில்லை. வடசிலாங்கூரில் ஆற்றோரமோ வாய்க்கால் ஓரமோ மிதிவண்டிப் பாதை எங்கே போட்டாலும், அது கடந்து செல்லும் பழைய தோட்டத்தின் பெயர் பலகையில் இருக்கட்டும்: மலாயிலும் தமிழிலும், எந்த ஆண்டு தொடங்கியது, என்ன பயிர், மக்கள் எங்கே பெயர்க்கப்பட்டார்கள் என்பதோடு. தென்னமரத்தில் ஒன்று, ஈயக் குழியோரம் ஒன்று, 1941ஐச் சொல்ல ஒன்று. ஆற்றோரம் நிற்கும் பழைய மாரியம்மன் கோவிலும் தோட்டத்து இடுகாடும் வரைபடத்தில் ஏறட்டும். இதற்குக் கோடிகள் வேண்டா. ஒரு மின்மினிப் படப் பலகைக்கு ஆகும் செலவுதான்.

பெயர்களை யார் தருவது என்று மாவட்ட மன்றம் கேட்கும். தலைமையாசிரியர் அறையின் பழைய அலமாரியைத் திறந்து பாருங்கள், ஆசிரியப் பெருமக்களே. மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும். தந்தையின் பெயர், தொழில், முகவரி என்ற கட்டங்களில் தோட்டம், பிரிவு, லய எண் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் பள்ளியில் இரண்டு பதிவேடுகளின் ஓரங்களைக் கரையான் தின்றுவிட்டது. மீதியை இந்தப் பள்ளி விடுமுறையில் படியெடுக்கப் போகிறேன். உங்கள் பள்ளியில் உள்ளதை நீங்கள் படியெடுங்கள். மாவட்ட மன்றத்துக்கு மனு எழுதும்போது அத்தனை பெயரும் இணைப்பில் இருக்க வேண்டும்.