சட்டாம்பிள்ளை டாக்டர்கள்

தாம்பரத்தில் புறப்பட்ட மின்சார ரயிலில் இரண்டு வைத்திய மாணவர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவன் இளையவனின் இடது நடுவிரலைத் தன் மார்பின் மேல் பதியவைத்து, "வலது விரலால் அதன்மேல் தட்டு. முழங்கையை ஆட்டாதேடா, மணிக்கட்டு மட்டும் அசையணும்" என்றான். காற்றுள்ள இடம் கணீரென்றது. வலப்பக்கம் கீழே, ஈரல் இருக்குமிடத்தில், ஓசை மங்கியது. இளையவன் முகம் மலர்ந்தது.

என் பக்கத்துப் பெரியவர் சிரித்தார். "புரொபஸர் எதுக்கு ஸார் இருக்கார்? குருடனுக்குக் குருடன் கோல் பிடிக்கிறான்!"

ரயிலில் நான் பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் தாத்தாக்களுக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவன் யார்? பாதி நாள் சட்டாம்பிள்ளைதான். 1789-ல் சென்னை ராணுவ அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். மாணவனையே மாணவனுக்கு ஆசிரியனாக்கினார். 1797-ல் அதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அங்கே அதற்குப் பெயர். நம் ஊர்ச் சரக்கைப் பார்த்து நாமே சிரிக்கிறோம்!

என் தகப்பனார் ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். ஏழு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தட்டத் தெரியாமல் தட்டினார்கள். எட்டாமவன் வந்தபோது அவரே சட்டையைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கி, 1937-ல் சர்க்கார் ஏற்றுக்கொண்ட தாம்பரம் சானடோரியத்தில் இன்றும் மார்பு நோயாளிகள் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கற்றுக்குட்டியின் முதல் தட்டு அவர்கள் மேல் விழவேண்டுமா, ஆரோக்கியமான தோழன் மேல் விழவேண்டுமா? மேலும், நேற்றுத் தடுமாறியவனுக்குத்தான் இன்று தடுமாறுகிறவனின் விரல் எங்கே பிசகுகிறது என்று தெரியும். புரொபஸர் தம்முடைய தடுமாற்றத்தை மறந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பெல்லின் முறையை இங்கிலாந்து கொண்டாடியதற்கு ஒரு காரணம், அது மலிவு. ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள்! அந்தக் கணக்கை நம் கல்லூரி நிர்வாகங்கள் போடக்கூடாது. சட்டாம்பிள்ளையின் பிழை பத்துப் பேருக்குப் பரவும். ஆகவே அவனை முதலில் புரொபஸர் சோதிக்கவேண்டும். சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குத் துணை. வாத்தியாரின் காலி நாற்காலிக்கு மூடுதுணி அல்ல.

ரயில் பெரியவரே, நாளை உங்களுக்கே நெஞ்சில் சளி கட்டி, அந்த இளையவன் உங்கள் கட்டிலருகே வந்து நிற்கலாம். அவன் விரல் தடுமாறாமல் தட்டும்போது, ரயிலில் தன் மார்பைக் கொடுத்தானே ஒருவன், அவனை நினைத்துக்கொள்ளுங்கள்.