குறை மனிதரிடமா, வாடகையிலா?

இக்கால நாவல்களைப் பாராட்டுவதற்கு விமர்சகர்கள் ஓர் எளிய வழியைக் கண்டுகொண்டுள்ளனர். பாத்திரங்கள் குறைபாடுள்ளவர்கள், அவர்களுடைய உறவு சிக்கலானது, ஆகவே நாவல் உண்மையானது என்பர். அயர்லாந்து எழுத்தாளர் சலி ரூனி 2018இல் வெளியிட்ட ‘நோர்மல் பீப்பிள்’ நாவலுக்கு இத்தகைய பாராட்டு மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. அவ்வாண்டின் கொஸ்ற்றா நாவல் பரிசைப் பெற்ற அது, 2020இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. குறை என்று எதைச் சொல்கின்றோம், அக்குறை எங்கிருந்து வந்தது என்று மட்டும் அப்படிப் பாராட்டுவோர் கேட்பதில்லை. நாம் அதைத்தான் கேட்க விரும்புகின்றோம்.

கதை பெரிதன்று. ஸ்லைகோப் பகுதியில் உள்ளதாகப் புனையப்பட்ட கரிக்லீ என்னும் சிற்றூர். காலம் 2011 முதல் 2015 வரை. மரியானின் தாய் சட்டத்தரணி. அவர்களுடையது ஒரு மாளிகை. கொனலின் தாய் லொறெயின் அந்த மாளிகையைக் கூட்டித் துடைத்துக் கூலி பெறுபவள். தாயை அழைத்துப்போக வரும் மகனுக்கும் வீட்டுக்காரர் மகளுக்கும் காதல் முளைக்கின்றது. பாடசாலையில் எல்லாராலும் விரும்பப்படும் கொனல், எல்லாராலும் ஒதுக்கப்பட்ட மரியானைத் தன் காதலி என்று சொல்ல வெட்கப்பட்டு மறைக்கின்றான். பிரிகின்றனர்; டப்ளினில் ட்ரினிற்றி கல்லூரியில் மீண்டும் சந்திக்கின்றனர்; கூடுகின்றனர்; பிரிகின்றனர்.

அந்த இரண்டாவது பிரிவைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். உணவகத்தில் கிடைத்துவந்த வேலை குறைந்துபோக, கோடை விடுமுறைக் காலத்து வாடகையைக் கொடுக்கக் கொனலுக்கு வழியில்லை. மரியானோ தன் பாட்டிக்குரிய வீட்டில் வாடகையின்றி வாழ்கின்றாள். அவளுடைய அறையில்தான் அவன் பெரும்பாலான இரவுகளைக் கழிக்கின்றான். சில மாதங்களுக்கு இங்கே தங்கட்டுமா என்று கேட்டால் விஷயம் முடிந்தது. கேட்க அவனுக்கு நா எழவில்லை. தன் தாய் அவளுடைய தாயிடம் கூலி வாங்கியவள் என்ற நினைவு குறுக்கே நிற்கின்றது. ஊருக்குப் போகப்போவதாக மட்டும் சொல்கின்றான். தன்னை அவனுக்கு வேண்டாம் போலும் என்று அவள் விளங்கிக்கொள்கின்றாள். இதை ‘மனம்விட்டுப் பேசத் தெரியாத இளைஞன்’ என்ற குறைபாடாக வாசிப்பவர்கள் நாவலின் பாதியைக் கிழித்தெறிந்துவிட்டு வாசிக்கின்றனர். அந்த மௌனத்துக்கு ஒரு விலையுண்டு. அது டப்ளினில் ஓர் அறையின் வாடகை.

அந்த வாடகைக்கும் ஒரு வரலாறுண்டு. அயர்லாந்தின் வங்கிகள் 2008இல் ஆட்டங்கண்டபோது அரசு அவற்றின் கடன்களுக்குப் பிணை நின்றது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நாணய நிதியமும் சேர்ந்து 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டத்தை வகுத்தன. அதற்கான சிக்கனம் சாதாரண மக்களின் தலையில் விழுந்தது. அதே ஆண்டில் நாடெங்கும் 2,800க்கும் மேற்பட்ட குடியிருப்புத் தொகுதிகள் கட்டிமுடிக்கப்படாமல் கிடந்தன. கரிக்லீயிலும் அப்படியொன்று உண்டு. ஆளில்லாத அவ்வீடுகளுள் ஒன்றினுள் காதலர் இருவரும் நின்று, விற்கமுடியாத வீட்டைச் சும்மா கொடுத்தால் என்னவென்று பேசிக்கொள்கின்றனர். முதலாளித்துவத்தின் பெயரும் அங்கே அடிபடுகின்றது. பின்னர் பேச்சு அவர்களுடைய உறவுக்குத் திரும்பிவிடுகின்றது. வீடு இருட்டில் நிற்கின்றது.

நம்மவருள் சிலர் இதனை வெறும் பூர்ஷ்வா படுக்கையறைக் கதை என்று தள்ளிவிடக்கூடும். அது சோம்பல். ரூனி தம்மை மார்க்சியவாதி என்று வெளிப்படையாகக் கூறிக்கொள்பவர்; வர்க்கம் காதலுக்குள் எவ்வாறு நுழைகின்றது என்பதை அவர் கண்டிருக்கின்றார். கண்டதை இறுதிவரை கொண்டுசென்றாரா என்பதே நமது வழக்கு.

கொண்டுசெல்லவில்லை. இருவருக்கும் ட்ரினிற்றியின் புலமைப்பரிசில் கிடைக்கின்றது: கல்விக் கட்டணமில்லை, தங்க அறையுண்டு, உண்ண உணவுண்டு. மரியானுக்கு அது தன் அறிவுக்குக் கிடைத்த மதிப்பு; கொனலுக்கு அதுவே சீவனம். இந்த வேறுபாட்டை நாவலாசிரியர் நுட்பமாகவே காட்டுகின்றார். ஆயினும், அதுவரை கதையை இறுக்கிவந்த முடிச்சு ஒரு பரீட்சைப் பெறுபேற்றோடு அவிழ்ந்துவிடுகின்றது. அதன்பின் துன்பங்கள் யாவும் மனத்துக்குள் குடிபெயர்கின்றன. (ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் நாளன்று ஒரு பிள்ளையின் பெயர் வாசிக்கப்படும்போது, பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து நிற்கும் நம் ஆசிரியர்களுக்கு இந்த முடிச்சவிழ்ப்பை விளக்கவேண்டியதில்லை.) புலமைப்பரிசில் பெறாத கொனல்கள் என்னவானார்கள்? நாவல் அவர்களைத் தேடிப் போவதில்லை. மரியானைச் சிதைத்த குடும்ப வன்முறையும், வசதியான வீட்டின் கதவுகளுக்குப் பின்னே நடக்கும் ஒரு தனிப்பட்ட நோயாகவே நின்றுவிடுகின்றது.

நமது பெரிய குறைபாடு லொறெயினைப் பற்றியது. பாடசாலை இறுதி நடன விருந்துக்கு மரியானை விட்டு வேறொருத்தியை அழைத்ததாக மகன் சொன்னதும், காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, பஸ்ஸில் போகின்றேன் என்று நடந்துவிடுகின்றாள் அந்தத் தாய். நாவல் முழுவதிலும் இத்துணைத் தெளிவான நீதி வேறெவராலும் வழங்கப்படவில்லை. படித்த பிள்ளைகள் நூறு பக்கம் தடுமாறும் விடயத்தைக் கூலிக்காரி ஒரு கணத்தில் தீர்க்கின்றாள். ஆனால் மரியானின் உள்ளத்துக்கும் கொனலின் உள்ளத்துக்கும் மாறி மாறிச் சென்றுவரும் கதைசொல்லி, லொறெயினின் உள்ளத்துக்குள் அவ்வாறு ஒருபோதும் நுழைவதில்லை. பதினேழு வயதளவில் கருவுற்று, தனியே பிள்ளை வளர்த்து, மற்றவர் தரையைத் துடைத்தவள் அந்த வீட்டைப் பற்றி என்ன எண்ணினாள்? அவள் நல்ல தாய், அவ்வளவுதான். மாளிகைக்குள் பின்வாசலால் வந்தவளை நாவலும் அதே வாசலால் அனுப்பிவிடுகின்றது.

இது ஆசிரியருக்குத் தெரியாததன்று. கல்லூரியில் ஓர் எழுத்தாளர் தம் நூலை வாசிக்கும் கூட்டத்துக்குக் கொனல் செல்லும் இடம் இந்நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அங்கே இலக்கியம் படித்தவர்களின் அணிகலனாக, படியாதவர்களைவிடத் தாம் உயர்ந்தவர் என்று அவர்கள் உணர்வதற்கான சாதனமாக அவனுக்குத் தோன்றுகின்றது. பண்டமாகிவிட்ட நூலைப் பற்றிய இந்தக் கசப்பை நாமும் ஏற்கின்றோம். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பியவன் எழுதத்தான் செய்கின்றான். கடைசிப் பக்கங்களில், நியூயோர்க்கில் எழுத்துக்கலை பயில அவனுக்கு இடமும் கிடைக்கின்றது. போ என்று மரியான் சொல்கின்றாள். கரிக்லீயில் அந்த வீடுகளுக்கு யாரேனும் குடிவந்தார்களா என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.