சட்டியில் வெந்த பிறகு

கொழிஞ்சாம்பாறைச் சந்தையானாலும் குமுளிக் கடைத்தெருவானாலும், பிளாஸ்டிக் தாள் சுற்றிய 200 கிராம் மொட்டுக்காளான் பாக்கெட் இப்போது வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. பக்கத்திலேயே தண்டுக்கீரைக் கட்டு வாடிக் கிடக்கும். "காளான் கறிக்குச் சமம்க்கா, புள்ளைக்கு இதையே குடுங்க" என்று கடைக்காரர் சொல்ல, கீரைக்கு வைத்திருந்த காசையும் சேர்த்துக் காளானுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற தாய்மார்களைப் பார்க்கிறேன். இந்த வாரம் எழுதுவது அவர்களுக்காக.

பச்சையாக வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. கீரைக் கட்டு சட்டியில் ஒரு பிடியாகச் சுருங்கிவிடும். காளான் எண்ணெயில் விழுந்ததும் தண்ணீரைக் கக்கும். அது வற்றி, ஓரம் சிவக்கும்போது போட்டதில் பாதிதான் மிஞ்சும். ஆகவே வெந்த பிறகு கணக்குப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை, வேகவைத்து நீர் வடித்த 100 கிராமுக்குக் கணக்குத் தருகிறது. இரண்டிலுமே நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர். புரதம் தண்டுக்கீரை இனத்தில் 2.1 கிராம், மொட்டுக்காளானில் 2.2 கிராம். வெந்த கோழிக்கறியில் அதே 100 கிராமுக்குச் சுமார் 27 கிராம். கறிக்குச் சமம் என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. உலர்த்திய காளானின் எடைக்குச் சொல்லும் புரதக் கணக்கை ஈரக் காளானின் தலையில் கட்டியதால் வந்த வினை அது.

சுண்ணாம்புச் சத்தில்தான் பெரிய பள்ளம். கீரையில் 209 மில்லிகிராம், காளானில் 6. இரும்பு கீரையில் 2.26, காளானில் 1.74. வைட்டமின் சி 41க்கு 4. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ காளானில் இல்லவே இல்லை. காளானுக்கும் தனிப் பெருமை உண்டு. நியாசின் என்ற பி வைட்டமின் கீரையைப்போல ஏழெட்டு மடங்கு. செம்பும் செலினியமும் அதிகம். நறுக்கிய காளானைக் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் அதில் வைட்டமின் டி ஊறும். வேறெந்தக் காய்க்கும் இந்தக் குணம் இல்லை.

அப்படியானால் எது மேல்? யாருக்கு என்ன குறை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம். மாநிலச் சராசரி மலையின் கதையைச் சொல்லாது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 2013இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, தாய்மாரின் ரத்தசோகையும் சத்துக்குறைவும் நாடறிந்த செய்தியாயின. அங்குள்ள பழங்குடிகளான இருளரும் முடுகரும் குறும்பரும் ராகி, சாமை, துவரையோடு கலந்து விதைத்த நிலங்களில் கீரைக்கென்று யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. நிலம் கைமாறியது. பறிபோன பழங்குடி நிலத்தை மீட்க 1975இல் சட்டம் வந்தும், மீண்டது சொற்பம். நிலத்தோடு இலையும் தட்டைவிட்டுப் போயிற்று. பாக்கெட் காளான் அந்த இடத்தை நிரப்பாது.

கீரையிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள இரும்பு முழுதாக உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்புச் சத்து ஏறுவதையும் ஆக்சலேட் தடுக்கும், பாலக்கில் அது அதிகம். எலுமிச்சை பிழிந்தாலோ, கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்தாலோ இரும்பு நன்றாக ஏறும். வெந்த தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் அதோடு போய்விடும். பாலக்காட்டு வீடுகளில் பருப்போடு கீரையைக் குழைத்து, தேங்காய் அரைத்துவிட்டுச் செய்யும் மொளகூட்டலில் ஒரு சொட்டும் வீணாகாது. நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருக்கிற அக்காமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா குடிக்கிறீர்கள். தேயிலையின் துவர்ப்பு, கீரையின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காசு செலவில்லாத மருந்து இது.

மழைக்காலத்தில் இடி இடித்ததும் புற்றுக்காளான் தேடிப் போகிற சந்தோஷத்தை நான் கெடுக்க மாட்டேன். அதன் ருசிக்குப் பாக்கெட் காளான் கிட்டே வராது. ஆனால் காளானை அறிந்த மூத்தவர் பார்க்காததைச் சட்டியில் போடாதீர்கள். மஞ்சள், பூண்டு, வெள்ளிக்காசு போட்டு நிறம் பார்த்து விஷத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது பொய். சில விஷக் காளான்களின் நஞ்சு கொதித்தாலும் போகாது.

என் தீர்ப்பு இது: தினமும் கீரை, கையில் காசிருக்கும் நாளில் காளான். மறையூரிலும் கிழக்கு அட்டப்பாடியிலும் வேலிக்கு ஒரு முருங்கை நிற்கட்டும். முருங்கை வராத குளிர்மலையில் பாலக் வரும். முள்ளங்கி வாங்கினால் இலையை வெட்டி எறியாமல் பொரியல் செய்யலாம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் பாத்தி போட நாலு முழ நிலத்தைத் தோட்ட நிர்வாகங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கன்வாடிச் சமையலில் வாரத்துக்கு நான்கு நாளாவது கீரை வேக வேண்டும். பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.