நம்பர் இல்லாத வண்டி

தேச விவகாரங்கள் எத்தனையோ இருக்க, ஓர் அலுமினியத் தகட்டையும் நாலு பாரங்களையும் பற்றித் தலையங்கம் எதற்கு என்று நம் நண்பர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள், பதிவு நம்பர் ஏறாத புது வண்டியில் சென்று விபத்துக்குள்ளானவர்களையோ, அத்தகைய வண்டியைத் திருட்டுக் கொடுத்தவர்களையோ அறியாதவர்கள் என்றே சொல்வோம்.

ஒருவருடைய வண்டியின் தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11-ந் தேதியோடு முடிந்தது. பிப்ரவரி 2-ந் தேதி வண்டி விபத்தில் நொறுங்கியது. வேறொருவருடைய தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-ல் முடிந்தது. அம்மாதம் 28-ந் தேதி இரவு ஜோத்பூரில் நிறுத்தியிருந்த வண்டியைக் கள்வர் கொண்டு போயினர். இருவரும் இன்ஷியூரன்ஸ் பிரீமியம் தவறாது கட்டியவர்களே. இருந்தும் இருவருக்கும் நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் உபயோகித்தது பாலிஸியின் அடிப்படை ஷரத்தையே மீறியதாகும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-லும் 2021-லும் தீர்ப்பளித்துவிட்டது. முதல் வழக்கில் தவணை தப்பியது இருபத்திரண்டு நாள். இரண்டாவதில் ஒன்பதே நாள். தீர்ப்பில் குற்றம் காண நாம் முற்படவில்லை. சட்டம் இருப்பது அப்படி. ஒன்பது நாளின் விலை ஒரு முழு வண்டி என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அந்நாளில் பதிவு செய்விக்கும் பொறுப்பு முழுவதும் வண்டிக்காரருடையதாக இருந்தது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது பார்லிமெண்டு இதை மாற்றியது. டீலர் இருக்கும் ராஜ்யத்திலேயே பதிவாகும் புது வண்டிக்கு விண்ணப்பம் போட வேண்டியவர் இனி டீலரே. பதிவுக் குறி வண்டியில் பொருத்தப்படும் வரையில் அதை வாங்கியவரிடம் ஒப்படைக்கவே கூடாது. விண்ணப்பம் போடத் தவறும் டீலருக்கு வருஷ வரியைப் போல் பதினைந்து மடங்கு, அல்லது ஆயுள் வரி முழுவதும், இவற்றில் எது அதிகமோ அது அபராதம். அங்கீகாரம் பெற்ற டீலர் விற்ற வண்டியை முதற் பதிவுக்காக அதிகாரியின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை என்றும் அதே திருத்தம் கூறுகிறது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் செய்வது நம் தேசத்தில் அபூர்வம்.

ஆனால் நடப்பதென்ன? பணம் கட்டியாகிறது, மாலை போட்டாகிறது, எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. “நம்பர் இரண்டு நாளில் வந்துவிடும் சார், வண்டியை எடுத்துப் போங்கள்” என்கிறார் கடைச் சிப்பந்தி. நல்ல நாளும் நல்ல நேரமும் தப்பிவிடுமே என்று நாமும் எடுத்துப் போகிறோம். இதில் வாங்குகிறவர்களுக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து டீலரின் வியாபாரச் சான்றிதழைக் குறிப்பது. வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதற்காக ஏற்பட்டதன்று. மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்து தற்காலிகப் பதிவு. அதன் தவணை முடிகிற தேதியைப் பார்த்து வைப்பவர் எத்தனை பேர்?

டீலர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 2019 ஏப்ரல் 1-ந் தேதி முதல் தயாராகும் வண்டிகளுக்கு, உயர் பாதுகாப்புத் தகட்டைத் தயாரிப்பாளரே வண்டியுடன் வழங்க வேண்டுமென்பது விதி. ஆனால் நம்பர் ஒதுக்கப்பட்ட பிறகுதானே அதை எழுத்தாகப் பொறிக்க முடியும்? 20-ம் நம்பர் பாரத்தில் விண்ணப்பம், 21-ல் விற்பனைச் சான்று, 22-ல் வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று, இன்ஷியூரன்ஸ், வரி ரசீது என்று எல்லாம் ‘வாஹன்’ கணக்கில் ஏற வேண்டும். சாஸி நம்பரில் ஓர் இலக்கம் பிசகினாலும் தஸ்தாவேஜு திரும்பி வரும். பண்டிகைக் காலத்தில் ஒரே நாளில் வண்டிகள் குவிந்துவிட்டால் குமாஸ்தா என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். கூடுதலாக இரண்டு குமாஸ்தாக்களை வைத்துக்கொள்ளலாம் என்பதே நமது பதில். ‘கையாளும் கட்டணம்’ என்ற பெயரால் வசூல் நடப்பதாகப் புகார்கள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. சட்டம் தன் தலையில் வைத்த கடமைக்கு வாங்குகிறவரிடம் தனிக் கூலி கேட்பது என்ன தர்மம்?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. நம்பர் பொறித்த தகடு டயரையும் கண்ணாடியையும் போன்ற கடைச் சரக்கல்ல. அது சர்க்காரின் முத்திரை. அசோகச் சக்கர ஹோலோகிராமும், லேசரால் பொறித்த தனி இலக்கமும், ஒரு முறை பூட்டினால் உடைத்தாலன்றிக் கழலாத பூட்டும் அதற்கு வைத்திருப்பது அதனால்தான். அத்தகைய தகடுகள் கடையின் பின்கட்டில் அட்டைப் பெட்டியில் திறந்து கிடப்பது நாணயச் சாலையின் அச்சு தெருவில் கிடப்பதற்கு ஒப்பாகும். எந்தத் தகடு எந்தத் தேதியில் வந்தது, எந்த வண்டியில் யார் பூட்டினார், எழுத்துப் பிழையால் ஒதுக்கப்பட்டது எங்கே போயிற்று என்பதற்கெல்லாம் ஒவ்வொரு கடையிலும் அன்றாடக் கணக்கு இருக்க வேண்டும். போக்குவரத்து இலாகா அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து, கணக்கையும் கையிருப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பாங்கியில் ரொக்கத்தை எண்ணுவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

நிற்க. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பதாக நாம் கருதுகிறோம். கடமையை டீலருக்கு மாற்றினார்கள், நஷ்டத்தை மாற்றவில்லை. டீலரின் தாமதத்தால் நம்பர் ஏறாமல் வண்டி விபத்துக்குள்ளானால், அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். உடைந்த வண்டி வாங்கியவர் வாசலில் கிடக்கும். அவர் தனியாக வழக்காடி டீலரிடம் ஈடு பெற வேண்டும். சம்பளத்தை அடமானம் வைத்துக் கடனில் வண்டி வாங்கியவருக்கு அது ஆகிற காரியமா? பதிவுக் குறி இல்லாமல் வண்டியை ஒப்படைத்த டீலர், அதனால் இன்ஷியூரன்ஸ் மறுக்கப்பட்டால் முழுத் தொகைக்கும் தாமே பொறுப்பாளி என்று சட்டத்திலேயே ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும். வெளி ராஜ்யத்தில் வண்டி வாங்கித் தற்காலிகப் பதிவோடு ஊர் திரும்புவோருக்கு, தவணை முடியும் தேதியை ரசீதின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரும்படி டீலர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். இதற்குப் பார்லிமெண்டு கூட வேண்டிய அவசியமில்லை. இலாகாவின் ஓர் உத்தரவே போதும்.

ஆயுத பூஜையன்று கடைகளில் கூட்டம் நெரியும். அந்த வாரத்தில் ஒவ்வொரு ஜில்லாவிலும் பத்துக் கடைகளின் வாசலில் இலாகா அதிகாரிகள் நின்று, நம்பர் இல்லாமல் வெளிவரும் வண்டிகளை எண்ணட்டும். அந்த எண்ணிக்கையையும், எத்தனை டீலர்களிடம் அபராதம் வசூலானது என்பதையும் பகிரங்கமாக வெளியிடட்டும்.