சின்னப்பாவை வீழ்த்தியது மதுவா?

நடிகனின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பலர் நீதிநூலாசிரியராகிவிடுகின்றனர். வறுமையிற் பிறந்தான், புகழ் பெற்றான், பொருள் குவித்தான், குடித்தான், கெட்டான் என்ற ஐந்து வினைமுற்றுகளுள் ஒரு மனிதனின் வாழ்நாள் அடக்கப்படுகின்றது. படிப்போனும் தனது ஒழுக்கத்தை மெச்சிக்கொண்டு ஏட்டை மூடுகின்றான். இவ்வகை எழுத்துக்குத் தமிழுலகில் மிகுதியாக இரையானவர்களுள் ஒருவர் புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா எனப்படும் பி. யு. சின்னப்பா ஆவார். 1916 மே 5 இற் பிறந்து 1951 செப்டெம்பர் 23 இல் மறைந்த அக்கலைஞர் வாழ்ந்தது முப்பத்தைந்து ஆண்டுகளே. அவருக்கு மதுப்பழக்கம் இருந்தமையை அவரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் குறிப்பிடுகின்றனர். அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மதுவைக் கூறியதும் காரணம் கூறியாயிற்று என அமைதியுறும் சிந்தனைச் சோம்பலே இங்குக் கண்டிக்கப்படுவது.

சின்னப்பா நடிகர் குடும்பத்துப் பிள்ளை. தந்தை உலகநாதபிள்ளை புதுக்கோட்டையில் நாடக மேடையேறியவர். பின்னாளில் சின்னப்பா மணந்த ஏ. சகுந்தலாவும் 'பிருதிவிராஜன்' (1942) படத்தில் அவருடன் நடித்தவரே. 'இரத்தத்தில் ஊறிய கலை' என்று போற்றுவோர், வீழ்ச்சி வந்ததும் 'இரத்தத்தில் ஊறிய குறை' என்று மாற்றிப் பேசுவதற்கு நெடுநேரம் எடுப்பதில்லை. இரத்தம் இவ்வாறு எல்லாவற்றுக்கும் விடையாகுமா?

அமெரிக்க மேடையின் புகழ்பெற்ற குடும்பமொன்றில் இவ்வினாவுக்கு விடை உண்டு. ஜோன் பரிமோர் (1882–1942) நடிகர்களான பெற்றோருக்குப் பிறந்தவர். 1922 இல் நியூயோர்க்கிற் தொடங்கிய அவரது ஹம்லெற் 101 தடவை தொடர்ந்து மேடையேறியது. அத்தகையவர் மதுவுக்கு அடிமையாகி, இறுதிக் காலத்தில் தமது வீழ்ச்சியையே நகைச்சுவையாக நடித்துப் பிழைக்க நேர்ந்தது. ஆனால் அதே பெற்றோருக்குப் பிறந்த தமையன் லயனலும் தமக்கை எதெலும் முதுமைவரை மதிப்புடன் நடித்தனர். குருதி ஒன்று, கதி வேறு. ஆகவே குடும்பத்தின் குருதியைவிட, ஒவ்வொருவரும் தொழிலிற் பெற்ற இடத்தையும் அத்தொழில் அவர்களை நடத்திய முறையையும் ஆராய்வதே பொருத்தமாகும்.

சின்னப்பாவின் தொழில் பிள்ளைப்பருவத்திலேயே தொடங்கியது. பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்புக்கு அப்பாற் செல்லவில்லை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர் சேர்ந்தார். எம். ஜி. இராமச்சந்திரனும் அவரது தமையன் சக்கரபாணியும் சிறுவர்களாய் இருந்த கம்பெனி அதுவே. பாய்ஸ் கம்பெனி என்பது வறிய பெற்றோரின் பிள்ளைகளுக்குச் சோறும் உடையும் பாட்டும் நடிப்பும் அளித்த நிறுவனம். அந்நன்மையை மறைப்பது நேர்மையன்று. தமிழ்த் திரையின் முதல் இரு தலைமுறை நடிகருட் பெரும்பாலோரை உருவாக்கியவை இக்கம்பெனிகளே. எனினும் அதன் மூலதனம் எது என்ற கேள்வியும் எழுப்பப்படல் வேண்டும். ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் எட்டும்படி பாடவல்ல சிறுவனின் கூர்ங்குரலே அம்மூலதனம். பிள்ளையின் கண்டம் கம்பெனியின் முதல். அக்கண்டம் பதின்மூன்று பதினைந்து வயதளவில் இயற்கையாகவே உடையும். நாடகத் தொழிலில் 'மகரக்கட்டு' எனப் பெயரிட்டு அஞ்சப்பட்ட பருவம் அது. இயற்கையின் வளர்ச்சியே பிள்ளைக்குத் தொழிற்சாவாக அமையும் ஓர் ஏற்பாட்டை என்னவென்பது?

சின்னப்பாவுக்கும் அது நேர்ந்தது. கதாநாயகனாகப் பாடிக் கைதட்டல் பெற்றவர் குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியேறினார். பதின்ம வயதில், கையில் வேறு தொழிலோ கல்வியோ இன்றி, ஒரு காலத்தில் கைதட்டல் பெற்றவன் என்ற நினைவொன்றே உடைமையாகத் தெருவில் நிற்கும் நிலை அது. அவர் சோம்பியிருக்கவில்லை. முறையாகக் கர்நாடக இசை கற்றார். சிலம்பமும் பளுதூக்கலும் பயின்று உடலை உரமாக்கினார். ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். குடித்துக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் தள்ளப்படுபவர், உடைந்த குரலைத் தமது முயற்சியாலேயே மீளக் கட்டியெழுப்பியவர் என்பது மனங்கொளத்தக்கது.

1936 இல் 'சந்திரகாந்தா' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. அடுத்த சில படங்களுக்குப் பின் வாய்ப்புகள் மீண்டும் வற்றின. 1940 இல் சேலம் மொடேர்ண் தியேட்டர்ஸாரின் 'உத்தமபுத்திரன்' இரட்டை வேடத்தில் அவரைத் தூக்கி நிறுத்தியது. 1941 இல் 'ஆர்யமாலா', 1942 இல் 'கண்ணகி', அதே ஆண்டிற் சுந்தரம்பிள்ளையின் நாடகத்தைத் தழுவிய 'மனோன்மணி', 1944 இல் 'ஜகதலப்பிரதாபன்' என வெற்றிகள் தொடர்ந்தன. ஈட்டிய பொருளைப் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கிச் சேர்த்தார் என்பதும், மேலும் வாங்கலாகாது எனச் சமஸ்தானம் தடைசெய்தது என்பதும் பலராலும் சொல்லப்படும் கதை. இக்கதையை எள்ளி நகைப்போர் உளர். ஒரு முறை எல்லாம் பறிபோனதைப் பதினைந்து வயதிற் கண்டவன் வீட்டுக்குமேல் வீடு வாங்குவதில் நகைப்பதற்கு என்ன உளது? அது பேராசையின் அடையாளமன்று, அச்சத்தின் அடையாளம். மீண்டும் குரல் போய்விட்டால் என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவேயில்லை எனக் கொள்வதே பொருத்தம். மதுவும் அவ்வச்சத்தின் மறுபக்கமாதல் கூடும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தோர் அனைவரும் வீழவில்லையே என்பது அது. வினா நியாயமானது. டி. கே. எஸ். சகோதரர்களை எடுத்துக்கொள்க. அவர்களும் நடிகரின் பிள்ளைகள். தந்தை கண்ணுசாமிப்பிள்ளை பெண்வேடம் பூண்டவர். 1918 இல் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவபால சபையிற் சிறுவர்களாகவே சேர்ந்தவர்கள். ஆனால் 1925 இல் அவர்கள் தமது சொந்தச் சபையைத் தொடங்கிவிட்டனர். குரல் உடைந்தபோது அவர்களை வெளியேற்ற முதலாளி எவரும் இல்லை; முதலாளிகள் அவர்களே. ஒருவரின் குரல் தளர்ந்தால் மற்றவர் பாடுவார். மேடையில் நில்லாதவர் கணக்கைப் பார்ப்பார். இவ்விரு வாழ்க்கைகளையும் பிரித்தது நெஞ்சுறுதியின் ஏற்றத்தாழ்வு மட்டுமன்று. உழைப்பின் கருவி யார் கையில் இருந்தது என்பதே பெரும் வேறுபாடு.

இனிக் கண்டாவளைக்கு வரலாம். புதுக்கோட்டை நடிகனுக்கும் இரணைமடு நீர் பாயும் வன்னி வயற்புறத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர், சின்னப்பா புகழ்பெற்ற இரு படங்களின் கதைகளை நோக்குக. 'ஆர்யமாலா' காத்தவராயன் கதை. 'கண்ணகி' கோவலன் கதை. இவ்விரண்டும் வன்னிப் பெருநிலத்தில் திரைக்கு நெடுங்காலம் முன்னரே வேரூன்றி நின்ற கதைகள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலும் கோவலன் கூத்தும் முல்லைத்தீவு மண்ணின் உயிர்ப்பாக விளங்குவன. காத்தவராயன் கூத்து யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நேர்த்திக்கடனாக விடியவிடிய ஆடப்படுவது.

அக்கூத்தின் அமைப்பில் ஓர் உண்மை பொதிந்துளது. காத்தான் என்னும் பாத்திரத்தை ஒருவரே இறுதிவரை ஆடுவதில்லை. பாலப்பருவத்துக்கு ஒரு சிறுவன், இடைப்பருவத்துக்கு ஓர் இளைஞன், கழுமரம் ஏறும் காத்தானுக்கு முதிர்ந்த ஒருவர் என அது கைமாறும். சிறுவன் வளர்ந்து குரல் உடைந்தால் அவன் தள்ளுண்டு போவதில்லை, அடுத்த காத்தானாகின்றான். அதற்குப்பின் பிற்பாட்டுப் பாடுகின்றான், மத்தளத்தருகே நிற்கின்றான், ஒருநாள் அண்ணாவியாகவும் ஆகின்றான். பலர் சேர்ந்து ஒருவனாகும் கலை இது. 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் சின்னப்பா ஒரே காட்சியில் ஐந்து உருவங்களிற் தோன்றித் தாமே பாடித் தாமே பக்கவாத்தியங்களும் வாசித்தார். பார்த்தோர் வியந்தனர். அங்கு ஒருவன் ஐவராக வேண்டியிருந்தது. கூத்து, வேடத்தின் சுமையைப் பலர் தோளிற் பகிர்ந்தது; சினிமா, பலரின் சுமையை ஒருவன் தோளில் ஏற்றியது. ஏற்றியவன் ஒடிந்தபின், தோள் வலிமையற்றது என்று தீர்ப்புக் கூறுவதில் நியாயம் ஏது?

கூத்தைப் பொற்காலமாக்கிப் பாடுவதும் பிழையாகும். கூத்துக்களரி சாதிக்கட்டுக்கு வெளியே நின்றதன்று. எவர் எங்கு ஆடலாம், எவர் எங்கு இருந்து பார்க்கலாம் என்பனவெல்லாம் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. பெண்ணுக்கு அங்கு இடமிருக்கவில்லை. கூத்தால் எவரும் வயிறு வளர்க்கவில்லை. உழுதும் கூலிசெய்துமே உண்டனர். ஆயினும் நடிகனின் உடலில் நிகழும் இயற்கை மாற்றத்தைக் குற்றமாகக் கருதாத ஓர் ஒழுங்கு அதனிடம் இருந்தது. சந்தையிடம் இல்லாதது அதுவே.

கலாநிதி சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் கூத்தை மாணவர் கையில் ஒப்படைத்தபோது, 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) போன்ற தயாரிப்புகள் வாயிலாகக் கிராமத்து அண்ணாவிமாரின் அறிவு பல்கலைக்கழகத்தின் மதிப்பைப் பெற்றது. அம்மதிப்பு இன்று பெரும்பாலும் சடங்காய்ச் சுருங்கிவிட்டது. போட்டிக்குக் கூத்துப் பழக்க அண்ணாவியார் அழைக்கப்படுகின்றார். பரிசு பாடசாலைக்கு, புகைப்படம் பிரமுகருக்கு, அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடை. பதினான்கு வயதிற் பாராட்டப்பட்ட மாணவன் குரல் உடைந்தபின் என்னவானான் என்று கேட்பார் இல்லை. பாய்ஸ் கம்பெனி சோறாவது போட்டது என்று சொல்ல நேரின் அது எத்துணை வெட்கம்!

கண்டாவளைப் பிரதேச மக்கள் 2009 இன் தொடக்கத்திற் போரினால் வேரோடு பெயர்க்கப்பட்டனர். உயிர்காப்பதே அரிதான அவ்வேளையில் கூத்துக் கொப்பியையும் உடுப்புப் பெட்டியையும் காவிச் செல்லுதல் எவருக்கும் எளிதாயிராது. மீண்டுவந்தபோது எஞ்சியது முதியோரின் நெஞ்சில் இருந்த பாட்டே. அது ஆண்டுதோறும் ஒவ்வொருவராகக் குறைகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரிற் பல்கலைக்கழகப் பீடங்கள் இயங்கும் காலமிது. அங்கிருந்து கண்டாவளை நெடுந்தூரமன்று. மாணவர் ஒலிப்பதிவுக் கருவியொன்றுடன் அண்ணாவியாரின் திண்ணையில் அமர்ந்து பாட்டைப் பதிவதும், அதற்கு அவருக்கு உரிய ஊதியம் வழங்குவதும், போட்டிக்கு ஆடிய பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் களரியில் ஓரிடம் வைத்திருப்பதும் செயற்கரியன அல்ல. விரிவுரையாளரும் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவரும் இதனைச் செய்யாதவிடத்து வேறெவர் செய்வர்?

சின்னப்பாவை வீழ்த்தியது மதுவா என்ற வினாவுக்கு விடை இதுவே: மது இறுதிக் காட்சியில் வந்தது. நாடகம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், ஒரு சிறுவனின் குரல் உடைந்த அன்று தொடங்கியது. அன்று அவனுக்கு அடுத்த வேடத்தைக் கொடுக்க எவரும் இருக்கவில்லை. முதற்காட்சியைக் காணாது இறுதிக்காட்சிக்கு வந்தமர்ந்து நீதி பேசுவோர் நல்ல பார்வையாளர் அல்லர். கூத்துப் பார்க்கும் வன்னி உழவன் காப்புப் பாடும்போதே பாயை விரித்து அமர்கின்றான். கழுமரம் ஏறும் விடியல்வரை எழுவதில்லை. அந்தப் பொறுமையேனும் நடிகனின் வாழ்க்கையை எழுதுவோர்க்கு வேண்டும்.