அண்ணனை பிரதர் ஆக்காதீர்கள்

அடையாறிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் மூன்று பக்கத்துக்குக் கொதித்து எழுதியிருக்கிறார். ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ படத்தை 2025 செப்டம்பரில் தமிழிலும் டப் செய்து தியேட்டரில் விட்டார்கள் இல்லையா, அது ஜப்பானியக் கலைக்குச் செய்த துரோகமாம். ‘ஒரிஜினல் குரலைக் கேட்காதவன் அனிமே ரசிகனே இல்லை. இதைக் கண்டித்து நீங்கள் எழுத வேண்டும்’ என்கிறார்.

கண்டித்துத்தான் எழுதப் போகிறேன். தம்பியை.

அனிமே என்பது ஜப்பான்காரர்களின் கார்ட்டூன். (இப்படிச் சொன்னால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) இதில் ‘ஒரிஜினல் குரல்’ எப்படிப் பதிவாகிறது தெரியுமா? ஹாலிவுட்டில் டிஸ்னிக்காரர்கள் முதலில் குரலைப் பதிவு செய்துவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் வாயசைவை வரைவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ். படம் முதலில். நடிகர்கள் பிறகு வந்து, ஓடுகிற படத்தைப் பார்த்துக்கொண்டே மைக் முன்னால் நின்று பேசுவார்கள். ‘ஆஃப்டர் ரெக்கார்டிங்’ என்பதைச் சுருக்கி ‘அஃபுரெகோ’ என்று அதற்குச் செல்லப் பெயர்கூட உண்டு. நம்ம ஊரில் இதற்குப் பெயர் டப்பிங். வாயும் பல சமயம் மூடு, அரைவாசி திற, முழுசாகத் திற என்கிற கணக்கில்தான் அசைகிறது. ‘ஷின்ஜிட்டே’ என்றாலும் அதே வாய்தான், ‘நம்புடா’ என்றாலும் அதே வாய்தான். இதில் உதடு ஒட்டவில்லை என்று புகார் வேறு.

அதுவும் யார் சொல்வது? தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள். 2018-ல் ‘96’ படத்தில் ஜானு பேசப் பேச உருகினோமே, அந்தக் குரல் த்ரிஷாவுடையதா? சின்மயியுடையது. சிம்ரனும் ஜோதிகாவும் எத்தனையோ படங்களில் சவிதா குரலில் பேசினார்கள். அப்போதெல்லாம் கலை செத்துப்போகவில்லை. டாஞ்சிரோ தமிழ் பேசினால் மட்டும் செத்துவிடுகிறது!

மயிலாப்பூர் வாசகர் கொஞ்சம் நயமாகக் கேட்கிறார்: ‘டப்பிங் எதற்கு? ஜப்பானியக் குரலோடு சப்டைட்டில் போட்டால் போதாதா?’ போதும் ஸார், தாராளமாகப் போதும். எந்த மொழி சப்டைட்டில்? ஜப்பானியக் குரலோடு வந்த பிரதிக்கு அடியில் ஓடியது இங்கிலீஷ். சென்னையில், தமிழர் உட்கார்ந்திருக்கும் தியேட்டரில், ஜப்பானியப் படம் பார்க்க இங்கிலீஷை வேகமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஒரிஜினலில் பார்’ என்கிற உபதேசத்துக்குள் ‘கான்வென்ட்டில் படித்திருந்தால்’ என்கிற நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மந்தைவெளி கார்ப்பரேஷன் ஸ்கூல் பையனும் அதே படத்துக்குத்தானே ஆசைப்படுகிறான்? தமிழ் சப்டைட்டில் கேளுங்கள், நானும் உங்களோடு கொடி பிடிக்கிறேன். அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

இந்தச் சண்டை மயிலாப்பூருக்குப் புதுசில்லை. 1940-களில் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டும் பாடுங்கள் என்று தமிழிசை இயக்கம் கிளம்பியபோது, 1943-ல் தமிழ் இசைச் சங்கமே உருவானபோது, எதிர்த்தவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். சங்கீதத்துக்கு மொழி முக்கியமில்லை, உள்ளதைக் கெடுக்காதே. கல்கி அப்போது தமிழ்ப் பாட்டின் பக்கம் நின்றார். தியாகராஜருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

சரி, தமிழ் டப்பிங் எல்லாம் பிரமாதமா? இல்லவே இல்லை. ஜாக்கி சான் ‘இன்னா நைனா’ என்று பேசினால் சிரிக்கலாம். சாகப் போகிறவன் கடைசி மூச்சில் அதே பாஷையில் பேசினால் எரிச்சல் வரும். கெடுதல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இங்கிலீஷை வரிக்கு வரி பெயர்ப்பதிலிருந்து.

ஜப்பானியத்தில் மூத்தவளைக் கூப்பிட ஒரு சொல், இளையவளைக் குறிக்க வேறு சொல். தமிழிலும் அப்படியே அக்கா, தங்கை. இங்கிலீஷில் இரண்டுமே சிஸ்டர். ‘இன்ஃபினிட்டி காஸில்’ படத்தில் ஷினோபு சண்டைக்குப் போவதே அக்காவைக் கொன்றவனைப் பழிவாங்க. அவள் ‘நேசான்’ என்று அழைப்பது ‘அக்கா’ என்று விழுந்தால் நம் வயிற்றைப் பிசையும். ‘சகோதரி’ என்று விழுந்தால் மேடைப் பேச்சு ஆகிவிடும். அதே ஷினோபு, பகையாளியிடம்கூட மரியாதைப் பேச்சில்தான் பேசுகிறவள். இங்கிலீஷுக்கு ஒரே ஒரு ‘யூ’. அதற்குள் இதை அடைக்க முடியாது. தமிழில் ‘நீங்க’ என்று ஒரு சொல் போதும். சிரித்துக்கொண்டே ‘நீங்க சாகணும்’ என்று சொல்வதில் இருக்கிற விஷம் ‘நீ செத்துப்போ’வில் வருமா? வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவதும் இரண்டு மொழிக்கும் பொது. கொன்றானா, விட்டானா என்பதைக் கடைசிச் சொல் வரை ஒளித்து வைக்கலாம். இங்கிலீஷில் அது பாதி வழியிலேயே உடைந்துவிடும்.

ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ, இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வருஷக்கணக்கில் வாதாடினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொற்கோவும் யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழியியல்காரர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நானும் அவ்வளவு தூரம் போகவில்லை. உறவு வேண்டாம், ஜாடை இருந்தால் போதும். தங்கைக்காக அண்ணன் உயிரைக் கொடுக்கிற கதையை 1961-ல் ‘பாசமல’ரிலேயே பார்த்து அழுதவர்கள் நாம். அதில் கத்தி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கேள்வி. ஜப்பானியத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன? ஆள் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற இடங்களில் வருஷா வருஷம் ஜப்பானியம் படித்து, பரீட்சை எழுதி வெளியே வருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரிகளில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் மொழிபெயர்க்க ஆள் இருக்கும்போது, டாஞ்சிரோவுக்கு இல்லையா?

சிவகாசியைப் பாருங்கள். 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். வெளிநாட்டுச் சித்திரக்கதைகளைத் தமிழில் கொண்டுவந்து இன்றுவரை வாசகரை வைத்திருக்கிறார்கள். ‘ஸ்டீல் கிளா’ என்ற பிரிட்டிஷ் கதை அவர்கள் கையில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆயிற்று. ‘எஃகு நகம்’ என்று வைத்திருந்தால் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

தி.நகரிலிருந்து ஓர் அம்மா: ‘சின்ன வயதில் என் பையன் தமிழில் பார்த்த சின்சான் இப்போது எங்கே கிடைக்கும்?’ 2006 முதல் ஹங்காமாவில் அவன் தமிழ் பேசினான். 2008-ல் குழந்தைகளைக் கெடுக்கிறான் என்று அரசாங்கம் நிறுத்தி, 2009-ல் வெட்டுகளோடு திரும்பி வந்தான். அந்தக் காலத்துத் தமிழ்க் குரல்களைத் தேடி கடையில் போய்க் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். யாரோ டி.வி.யிலிருந்து பதிவு செய்து வைத்ததுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரல்கள் யாருடையவை என்று பார்த்த குழந்தைகளுக்குத் தெரியாது. ஒரு தலைமுறையின் காதில் குடியிருந்தவர்களுக்கு ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. மேற்கு மாம்பலத்து நண்பர் ‘டெலிகிராமில் சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு?’ என்று கேட்டிருக்கிறாரே, அவருக்கும் இதுவே பதில். காசு வராத இடத்தில் அடுத்த டப்பிங்கும் வராது. ‘சோலோ லெவலிங்’, ‘ஜுஜுட்சு கைசென்’ எல்லாம் க்ரன்ச்சிரோலில் முறையாகத் தமிழில் வந்துவிட்டன. போய்ப் பாருங்கள், பிறகு திட்டுங்கள்.

‘நாம் கேட்டால் வெளியிடுவார்களா?’ என்பது பலருடைய சந்தேகம். மக்கோடோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ 2019 அக்டோபரில் இந்தியத் தியேட்டருக்கு வந்ததே 50,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் மனு போட்டதால்தான். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. யூகோ சாகோ எடுத்த ராமாயண அனிமே 1993-லேயே டெல்லி திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது 2025 ஜனவரியில். கம்பன் ஊருக்கு ராமன் வர 32 வருஷம்! வனவாசமே 14தான்.

‘இன்ஃபினிட்டி காஸில்’ மூன்று பாகம் என்று அறிவித்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பாக்கி. அதற்குள் கம்பெனிக்கு எழுதுங்கள். ஜப்பானியத்திலிருந்து நேர் மொழிபெயர்ப்பு வேண்டும். ஜப்பானியக் குரல் காட்சிகளில் ஒன்றிரண்டுக்காவது தமிழ் சப்டைட்டில் வேண்டும். மொழிபெயர்த்தவர், குரல் கொடுத்தவர் பெயர்கள் படிக்கிற அளவு எழுத்தில் திரையில் நிற்க வேண்டும். மூன்று பக்கம் எல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். தமிழிலேயே எழுதலாம்.