அப்பாவின் பெயரில் மட்டும் ஒரு ரசீது

மாசிக் களரி முடிந்து ஒரு வாரம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். துவைக்கப் போடும்போது அப்பாவின் சட்டைப் பையில் ஒரு ரசீது கிடைத்தது. குலதெய்வக் கோயில், தலைக்கட்டு வரி, ரூ.2,000. முப்பது ஆண்டுகள் அந்த வரியைக் கொடுக்க மறுத்தவர் அவர்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். காக்கியைக் கழற்றினால் கருப்புச் சட்டைதான். 1990இல் தாலியும் ஐயரும் இல்லாமல் அம்மாவை மணந்துகொண்டார். (சொந்தச் சாதிக்குள்தான். அந்த மேடையில் அதை யாரும் பிரச்சினையாக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பங்காளிகள் வரி கேட்டு வந்தால், "சாமிக்குப் பசிக்குதுன்னு எங்கிட்ட சொல்லலையேப்பா" என்று சிரித்து, டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

பணி ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் நெற்றியில் திருநீறு வந்தது. நண்பர்களிடம் சொன்னபோது, "உங்கப்பா சங்கி ஆயிட்டாரா தோழர்?" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு உறுத்துகிறது.

வயதான பிறகு மதத்தை நாடுவதே பிற்போக்கு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது அம்பேத்கருக்கு வயது 65. பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். சாதியிலிருந்து வெளியேறும் வழியாக அவர்கள் மதத்தைக் கண்டார்கள்.

எங்கள் வீட்டிலேயே இன்னொரு கதை உண்டு. அம்மா மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்திப் போகிறார். பிறந்த வீட்டில் மாதத்தில் மூன்று நாள் திண்ணையில் படுத்துக் கிடந்தவர். அங்கே அந்த நாள்களிலும் பெண்கள் கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே பூசை செய்யலாம். ஒரு மனிதரையே அம்மா என்று வணங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைப் பேச முடிந்ததில்லை.

அப்பா போன இடம் வேறு. குலதெய்வக் கோயில் என்பது பங்காளிகளின் பதிவேடு. திருமணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அவன் பெயர் வரி நோட்டில் ஏறும், வெட்டுகிற கிடாயில் அவன் வீட்டுக்கு ஒரு பங்கு வரும். ஒருவன் சாதி மாறிக் கட்டிக்கொண்டால், அதுவும் தலித் பெண்ணைக் கட்டிக்கொண்டால், யாரும் பஞ்சாயத்து கூட்டுவதில்லை, தீர்ப்பு எழுதுவதில்லை. அவனிடம் வரி வாங்குவதில்லை, அவ்வளவுதான். ஆலய நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. அப்படியும் 2023இல் விழுப்புரம் மேல்பாதியில் தலித் மக்களை உள்ளே விட மறுத்ததால் திரௌபதி அம்மன் கோயிலைப் பூட்டிச் சீல் வைக்க வேண்டியிருந்தது. வாசலில் தடுத்தால் புகாராவது கொடுக்கலாம். நோட்டில் பெயர் எழுதாமல் விட்டால் எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வது?

என் இணையர் தலித். எங்கள் பெயர் அந்த நோட்டில் இல்லை. எனக்கு அந்தப் பெயர் தேவையில்லை. ஆனால் அப்பா அங்கே நின்று, என்னை விட்டுவிட்டு, தன் பெயருக்கு மட்டும் ரசீது வாங்கியிருக்கிறார்.

அன்று இரவு கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரிட்டையர் ஆனதும் டெப்போ பக்கம் யாரும் கூப்பிடல. கூட்டம் மாடியில நடக்குது, என் முழங்கால் ஏறாது. ரெண்டு நாள் கோயிலுக்குப் போகலன்னா, ஏன்யா வரலன்னு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறானுக. நீ மாசத்துக்கு எத்தன தடவ போன் பண்ற?"

பதில் சொல்ல முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் சுவரொட்டி ஒட்டியவரை, முழங்கால் வலி வந்ததும் நாம் மறந்துவிட்டோம். ஆண்டுக்கு ஒரு முறை மூத்த தோழர் என்று சால்வை போர்த்துவோம். மாலை ஐந்து மணிக்கு அவர் எங்கே போய் உட்காருவார் என்று எந்தக் கூட்டத்திலும் பேசியதாக எனக்கு நினைவில்லை. என் ஆய்வேட்டில் சுயமரியாதை இயக்கத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை எழுதிய இரண்டு ஆண்டுகளில் அந்த இயக்கத்தில் இருந்த என் அப்பாவோடு அரை மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போலப் பேசவில்லை.

அதற்காக அந்த ரசீதை விட்டுவிடவும் முடியாது. அப்பாவின் தனிமை உண்மை. அது தீர்ந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணமாக என் இணையரின் மரியாதை போயிருக்கிறது, அதுவும் உண்மை. வயசானவர், எதற்கு மனசை நோகடிக்க வேண்டும் என்று நாம் வாயை மூடிக்கொண்டால், நோகிறவர் யாரென்று நாமே முடிவு செய்துவிட்டோம் என்றுதான் பொருள். திருநீறு அவர் நெற்றி, அவர் விருப்பம். வரி நோட்டு அப்படியில்லை.

இணையரிடம் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. "மாமாவுக்கு இது இப்பதான் புதுசு. எங்களுக்குப் பொறந்ததுலேருந்து" என்றார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அடுத்த மாசிக்கு வரி கொடுக்கப் போனால், எங்கள் இருவர் பெயரையும் சொல்லி இன்னொரு தலைக்கட்டுக்கும் சேர்த்து நீட்டுங்கள். எல்லோர் முன்னாலும். வாங்க மாட்டோம் என்றால் அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

"பாக்கலாம்" என்றார். பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. இப்போது வாரத்துக்கு மூன்று முறை பேசுகிறோம். மாசிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.